மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால்

மார்ச் 4

தம்பிக்கு,

போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி. இதில் நான் அடி வாங்கிய கதை இருக்கிறது. உனக்குப் பிடிக்கும்.

முதலில் நம் சண்டையை முடித்துவிடுகிறேன். வேலை மாற்றலாகிக் கிளம்பிய அன்று, உன் கராத்தே கிளாஸில் எல்லாரும் என்னை வழியனுப்ப நின்றபோது, "இருபது வருஷமா இந்த ஹால்ல சண்டை நடக்குது, இதுவரைக்கும் யாரும் யாரையும் அடிச்சதே இல்ல" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த அப்பா அம்மாக்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நான் சொன்னதில் பொய் இல்லை, சொன்ன இடம்தான் தப்பு. இடத்துக்காக மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், போதுமா?

இங்கே என் அறை ஒரு சலவைக் கடைக்கு மேல் இருக்கிறது. கீழே இஸ்திரி போடும் சூட்டில் என் தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். கூரை தாழ்வு. வந்த வாரமே காலைத் தூக்கிப் பழகப் போய் பல்பை உடைத்தேன். வீட்டுக்காரம்மா மேலே வந்து என்னையும் பார்த்தார், பல்பையும் பார்த்தார், "கையால போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பல் லேபில் அதே வேலைதான். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பிளாஸ்டர் ஊற்றிப் பல் செட்டு செய்வேன். ஆளைப் பார்ப்பதே இல்லை, வாயை மட்டும்தான் பார்க்கிறேன். ஆனால் இங்கே புதிதாக ஒன்று: விளையாடுகிறவர்கள் அடி பட்டுப் பல் உடையாமல் வாயில் மாட்டிக்கொள்கிற மவுத்கார்டும் செய்கிறோம். போன மாதம் ஒரு அச்சு வந்தது. கூட வந்த சீட்டில் ‘பாக்ஸிங்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பல்லைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரவென்றது. மூன்று மாதமாக எதிரில் நிற்க ஆள் இல்லாமல் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், நினைத்துப் பார். அச்சு அனுப்பிய டாக்டரம்மாவிடம் கெஞ்சி, அந்த ஆள் வரும்போது என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

ஆள் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதை நெருங்குகிறவர். ஒரு பழைய கார் ஷெட்டில் பயிற்சி. "எனக்கும் பழகின மூஞ்சிங்களையே குத்திக் குத்தி அலுத்துப் போச்சு, வாங்கம்மா" என்றார்.

நின்றோம். அவர் கையைத் தூக்கிய விதத்திலேயே இடது பக்கம் திறந்து கிடப்பது தெரிந்தது. உள்ளே போனேன். என் முஷ்டி அவர் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் போய், ஆணி அடித்த மாதிரி நின்றது. அப்பா, என்ன சுத்தம்! நீ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாய். நான் கையை இழுத்துக்கொண்டு, யாராவது "பாயிண்ட்" என்று சொல்லட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

அவர் என் மூக்கில் குத்தினார்.

உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய்த் துண்டைக் கொண்டுவந்தார். "ஏம்மா, கை வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு, அப்புறம் நீங்களும் நின்னுட்டீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பார்த்தேன்" என்றார். பார்த்துவிட்டுத்தான் குத்தியிருக்கிறார் பாவி மனுஷன்.

மூக்கு உடையவில்லை. ரெண்டு நாள் லேபில் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு என் கணவர் யார் என்று விசாரித்தார்கள். கல்யாணமே ஆகவில்லை என்றதும் இன்னும் குழம்பிவிட்டார்கள்.

சிரித்தாயா இல்லையா? எழுது.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

மூக்கு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நான் சிரிக்கவில்லை. நீ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறாய். குத்துவதற்கு ஒரு கை போதும், எந்தத் தடியனாலும் முடியும். முழு வேகத்தில் போகிற கையை ஒரு விரற்கடைக்கு முன்னால் நிறுத்துவதற்குத்தான் வருஷங்கள் வேண்டும். அதைத்தான் நானும் நீயும் கற்றோம், அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அடக்கம் தெரிந்த கையைப் பார்த்துக் கேலி பேசுவது உனக்கு எப்போதும் சுலபம்.

இன்னொரு தடவை இந்த மாதிரி வேடிக்கைக் கதை எழுதாதே. நேரம் காலம் தெரியாமல் பேசுவதில் உன்னை அடிக்க ஆளில்லை.

கிளாஸ் நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான்.

தம்பி

பி.கு. அந்த மெக்கானிக் குத்திய பிறகு என்ன செய்தாய்? மறுபடி நின்றாயா? அடுத்த தடவை கை உள்ளே போனதா, இல்லையா? இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது.

மார்ச் 24

தம்பிக்கு,

கடிதமே பத்து வரி, பி.கு. மட்டும் மூன்று கேள்வி. திட்டுவதற்கு எழுதினாயா, கேட்பதற்கு எழுதினாயா?

கேட்டதற்குப் பதில்: மறுபடி நின்றேன். கை போகவில்லை. அவர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, "நல்லா போடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று முகத்தைக் காட்டினார். என் கை போகிறது, நிற்கிறது. போகிறது, நிற்கிறது. எனக்கே என் கை மேல் கோபம் வந்துவிட்டது. நான் சொல்வதைக் கேட்காமல் அது பாட்டுக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் அவர்தான் சொன்னார்: "நீங்க மூக்கைப் பார்த்துப் போடுறீங்க. மூக்கை விடுங்க. எனக்குப் பின்னாடி சுவர்ல ஒரு சுவிட்ச் இருக்கு பாருங்க, அதைத் தட்டப் போங்க. நடுவுல நான் நின்னா அது என் பாடு." சில வாரத்தில் கை போக ஆரம்பித்தது. இப்போதெல்லாம் நிற்பதில்லை.

இன்னொருத்தரும் கிடைத்துவிட்டார். லிஃப்ட்காரர் மூலம்தான். ஒரு அம்மா, தையல் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், ஜூடோ. என்னைவிடக் குட்டை, ஆனால் சட்டைக் காலரைப் பிடித்தால் நான் தரையில் இருப்பேன். எப்படிப் போனேன் என்றே தெரியாது. நாலைந்து தடவை விழுந்து எழுந்த பிறகு, எதிர்பாராமல் நான் அவர் மேல் விழுந்தேன். கழுத்தை எப்படியோ வளைத்துவிட்டேன். அவர் என் முதுகில் படபடவென்று தட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லையே, புதுசாக வந்தவளைத் தட்டிக்கொடுக்கிறாரே என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஜூடோவில் அப்படித் தட்டினால் ‘தோற்றுவிட்டேன், விடு’ என்று அர்த்தமாம். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மனுஷி மயங்கியிருப்பார். முகம் சிவந்து எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க ஊர்ல எப்படி நிறுத்தச் சொல்வீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நமக்கு அப்படி ஒரு சைகையே இல்லை. நாமே நிறுத்திவிடுகிறோம், எதிராளி எதற்குச் சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து, வேறு பாணிக்காரர் யாரோடு நின்றாலும் முதல் கேள்வி இதுதான்: நிறுத்து என்பதை எப்படிச் சொல்வீர்கள்?

தம்பி, நீ சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. கை உள்ளே போனதா என்று ஏன் கேட்டாய்? யாருடைய கை போகவில்லை?

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கும் தெரியாது, சொல்லிவிடாதே.

நம் மருந்துக்கடை அம்மாவை உனக்குத் தெரியும். ரெண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் வைத்துவிட்டு அந்த நேரத்தில் கிளாஸுக்கு வருவாரே, பிரவுன் பெல்ட். என்னிடம் படித்தவர்களில் அவர் கை மாதிரி சுத்தமான கை இல்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம், கடையிலிருந்து வந்து பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். ஒருத்தன் வந்து கையைப் பிடித்துப் பையை இழுத்திருக்கிறான். இவர் திரும்பி முஷ்டியை விட்டிருக்கிறார். சரியான நேரம், சரியான இடம். அவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

அவன் அந்த முஷ்டியைப் பார்த்தானாம். இவரைப் பார்த்தானாம். "என்னக்கா, டான்ஸா?" என்று சிரித்துவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தே போயிருக்கிறான். ஓடக்கூட இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒன்றிரண்டு பேரும் சிரித்தார்களாம்.

மறுநாள் கிளாஸுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நல்லா நின்னுச்சு மாஸ்டர். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நின்னுச்சு" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. அந்த வாரம்தான் உன் வேடிக்கைக் கடிதம் வந்தது. என் இடத்தில் நீ இருந்தால் சிரிப்பாயா?

கடைக்குப் போனேன். தேவையில்லாத தலைவலி மாத்திரை ரெண்டு அட்டை வாங்கிக்கொண்டு, "வாங்க, வந்து என்னை அடிச்சுப் பழகுங்க" என்றேன். பாவம், வந்தார். எதிரில் நின்றார். கை வரவே இல்லை. "மாஸ்டரை எப்படி மாஸ்டர் அடிக்கறது?" என்கிறார். மற்ற மாணவர்களை நிறுத்தினால் அவர்களும் நம் ஆட்கள்தானே, ரெண்டு பக்கமும் மரியாதையாக நிறுத்திக்கொள்கிறார்கள். நீ அன்று சொன்னது என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

ஹால்காரர் மே கடைசிக்குள் பதில் கேட்கிறார், அடுத்த வருஷமும் வேண்டுமா வேண்டாமா என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுத்தெருவில் ஒருத்தரைத் தலைகுனிய வைத்த வித்தையை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுப்பது? அந்த அம்மாவின் கை ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்தால்தான் என்னால் அந்த ஹாலில் நிற்க முடியும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

நம் சட்டம் தெரியாத ஒரு ஆள் வேண்டும். நீ எப்படிப் பிடிக்கிறாய் இவர்களை எல்லாம்? சொல்.

தம்பி

ஏப்ரல் 10

தம்பி,

மனசே சரியில்லை. உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். பிளாஸ்டர் கையோடேயே இறுகிப்போய்விட்டது. முன்னமே சொல்லக் கூடாதா? அந்த அம்மா பஸ் ஸ்டாப்பில் கையை நீட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. என் மூக்கில் விழுந்த குத்து எனக்குச் சிரிப்பாகிவிட்டது, ஏனென்றால் குத்தியவர் துண்டு கொண்டுவந்தார். அவருக்கு யார் கொண்டுவந்தார்கள்? அந்தக் கடிதம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

சாவியை எல்லாம் யாருக்கும் கொடுக்காதே. முதலில் ஆளைத் தேடு.

உங்கள் பக்கத்தில் மவுத்கார்டு செய்கிற லேப் இல்லை, அதனால் என் வழி உனக்கு உதவாது. எலும்பு வலிக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களிடம் போய்க் கேள். எந்தச் சண்டைக்காரனும் ஒருநாள் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்துதான் ஆக வேண்டும். போகும்போது உன் பெல்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நீ மாஸ்டர் என்று தெரிந்தால் ஒன்று பயப்படுவார்கள், இல்லை உன்னை வீழ்த்திக் காட்ட நினைப்பார்கள். ரெண்டும் நமக்கு வேண்டாம். கற்றுக்கொள்ள வந்தேன் என்று சொல். உனக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும், தெரியும். தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பேச்சுக் கொடு. நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டிய ஆள் உன்னை முடமாக்க மாட்டான், தானும் முடமாக மாட்டான். உன்னைத் தோற்கடிக்க ஆசைப்படுகிறவனை விட்டுவிடு. "நீங்க அதை எப்படிச் செய்யறீங்க?" என்று கேட்கிற ஆள் கிடைத்தால் விடாதே. அவன்தான் நம் ஆள், எந்தப் பாணியாக இருந்தாலும் சரி.

ரொம்ப முக்கியம்: எப்படி நிறுத்தச் சொல்வது என்று முதலிலேயே கேட்டுவிடு. என்னைப் போல யாரையும் கழுத்தை நெரித்துவிட்டு உட்கார்ந்திருக்காதே.

அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

ஆள் கிடைத்துவிட்டார்! இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு கிக்பாக்ஸிங் ஜிம்முக்குப் போனேன். பாட்டுச் சத்தத்தில் பேசவே முடியவில்லை. கற்றுக்கொள்ள வந்தேன் என்று கத்தினேன். அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களை வீடியோ எடுத்துப் போடலாமா?" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் வாள்சண்டை சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா. வேலை வரி அலுவலகத்தில். அவர்கள் உடம்பில் ஒயர் மாட்டிக்கொள்கிறார்கள், வாள் நுனி பட்டால் விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் அசந்துபோய்விட்டேன். பட்டதா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை! ஒரு மணி நேரம் விளக்கை எரிய வைத்து விளையாடினேன். நான் குத்தியதில் பாதி தடவை விளக்கு எரியவில்லை. "கிட்ட வந்துட்டு ஏன் சார் நிறுத்திடறீங்க?" என்று அவரும் கேட்டார். மழுப்பிவிட்டேன்.

மூன்றாவது, நீ சொன்ன மாதிரியே, தோள்வலிக்குப் பயிற்சி கொடுக்கிறவர் சொல்லி அனுப்பினார். குஸ்திக்காரர். வீடு மாற்றிக்கொடுக்கிற கம்பெனியில் வேலை. பீரோவைத் தனி ஆளாகக் கட்டிப்பிடித்து மாடி ஏற்றுவார், அதனால் எல்லாரும் பீரோக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காது ரெண்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். குரல் மட்டும் அவ்வளவு மெல்லிசு. கம்பெனி குடோனில், பழைய மெத்தைகளைத் தரையில் பரப்பி ஞாயிற்றுக்கிழமை பழகுகிறார்கள்.

என்னைத் தூக்கினார் அக்கா. சின்ன வயதில் அப்பா தூக்கியதற்குப் பிறகு என்னை யாரும் தூக்கியதில்லை. உடைகிற சாமானை இறக்குவது போல மெத்தையில் இறக்கினார். எழுந்து மறுபடி போனேன். மறுபடி இறக்கினார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, வேர்த்து விறுவிறுத்துவிட்டது. கால் எப்போது தரையை விடுகிறது என்பதைப் பிடிக்கவே முடியவில்லை. அவர் இடுப்பு நகர்வதற்குள் ஏதோ ஒன்று நடக்கிறது, அது என்ன? ராத்திரி படுத்தால் அதே யோசனை.

மருந்துக்கடை அம்மா விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கூட்டிட்டு வாங்க. நான் பிடிக்கிறேன், அவங்க அடிக்கட்டும். ஆனா நீங்க எனக்கு உதைக்கறதைச் சொல்லித் தரணும். எனக்குக் காலைக் கண்டா பயம். அது எங்கேயிருந்து வருதுன்னே தெரிய மாட்டேங்குது." இவ்வளவு பெரிய மனுஷன், என் காலைக் கண்டு பயப்படுகிறார்!

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாத்திரை வாங்காமலேயே சொன்னேன். "யோசிக்கிறேன் மாஸ்டர்" என்றிருக்கிறார்.

தம்பி

ஏப்ரல் 28

தம்பி,

இந்தக் கடிதத்தில் என்னைத் திட்டவே மறந்துவிட்டாய், கவனித்தாயா?

பீரோக்காரரின் இடுப்பு விஷயத்தைக் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "இடுப்பைப் பார்த்தா லேட்டு. அவர் உங்க தம்பியை மூச்சு விட வச்சிருப்பார், விடும்போது தூக்கியிருப்பார்" என்கிறார். சரியா என்று பார்த்து எழுது. நாங்கள் இங்கே பந்தயம் கட்டாத குறைதான்.

அந்த அம்மா வந்தாரா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா

மே 12

அக்காவுக்கு,

வந்தார்.

கடை உடுப்போடேயே வந்தார், பாதியில் கிளம்பிவிடலாம் என்ற யோசனையோ என்னவோ. பீரோக்காரர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, "நிறுத்தணும்னா என்னை ரெண்டு தட்டு தட்டுங்கம்மா, உடனே விட்டுடுவேன்" என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு அன்று அவன் பிடித்த மாதிரியே கையைப் பிடித்தார். முஷ்டி வந்தது. ஒரு விரற்கடை முன்னால் நின்றது. நம் ஆட்கள் என்றால் அங்கே நிறுத்தியிருப்பார்கள். இவருக்கு அதெல்லாம் தெரியாதே, அந்த அம்மாவை அப்படியே தூக்கி மெத்தையில் வைத்துவிட்டார்.

எழுந்தார். மறுபடி கை நின்றது, மறுபடி மெத்தை. அடுத்த தடவையும் அப்படியே. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பீரோக்காரர் அந்த மெல்லிசுக் குரலில், "ஏம்மா, நான்தான் உள்ள வாங்க வாங்கங்கறேனே, வாசல்லயே நின்னுட்டுப் போறீங்களே?" என்றார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போட்டார் பார், கன்னத்தில் விழுந்தது. தலைக்கவசம் திரும்பி பீரோக்காரர் கண்ணை மறைத்துவிட்டது. அந்த அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழப் போகிறார் என்று நினைத்தேன். "நேரா மாட்டுங்கண்ணே, இன்னொண்ணு போடணும்" என்றார்! அன்று எத்தனை போட்டார் என்று பீரோக்காரரின் கன்னத்தைக் கேட்டால்தான் தெரியும். கீழே உட்கார்ந்து இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வராது.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

பீரோக்காரர் என்னைப் பார்த்து, "நீங்களும் ஒண்ணு போடுங்க மாஸ்டர், கராத்தே மாஸ்டர் குத்து எப்படி இருக்கும்னு பார்க்கணும்" என்றார். உள்ளபடியே ஆசையாகத்தான் கேட்டார். நின்றேன். நீ சொன்ன சுவிட்சை நினைத்துக்கொண்டேன். கை போனது. நின்றது. மறுபடி விட்டேன், நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன், அப்போதும் நின்றது. அவர் என்னையும் தூக்கி மெத்தையில் வைக்க, மல்லாந்து கிடந்தபோது, மருந்துக்கடை அம்மா குனிந்து பார்த்து, "உங்களுக்குமா மாஸ்டர்?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அவருடைய கை போய்விட்டது, ஹாலை வைத்துக்கொள்ளலாம் என்றுதானே நான் கணக்குப் போட்டேன்? இப்போது கையே போகாதவன் அந்த ஹாலில் நின்று என்ன சொல்லிக்கொடுப்பது? யோசித்துப் பார்த்தால் நான் என் ஆயுளில் யாரையும் அடித்ததில்லை. நீயும் நானும் இருபது வருஷம் எதிரும் புதிருமாக நின்றோம். உன் கை எப்போது வரும் என்று உன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் நீ என்னையோ நான் உன்னையோ ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இப்போது யோசித்தால் சண்டையில்லாத நேரத்திலும் தொட்டதில்லை. நீ ஊருக்குக் கிளம்பிய அன்றுகூட நான் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

நீ போனது பிடிக்கவில்லை. நீ கிளாஸைப் பற்றிச் சொன்னதற்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். அது ரெண்டாம்பட்சம்தான்.

தம்பி

மே 18

தம்பி,

படித்துவிட்டுச் சலவைக் கடை சத்தத்தில் நன்றாக அழுதேன். யாருக்கும் கேட்டிருக்காது.

ஒன்று சொல்கிறேன், வைத்துக்கொள். இப்போதெல்லாம் என் கை நிற்பதில்லை என்று எழுதினேனே, அது லிஃப்ட்காரரிடம் மட்டும்தான். கட்டிங் மாஸ்டரோடு இப்போது நல்ல சிநேகம் ஆகிவிட்டது, சேர்ந்து கடைக்குப் போகிறோம், வருகிறோம். போன வாரம் விளையாட்டுக்கு அவரைக் குத்தப் போனேன். ஒரு விரற்கடை. ஆணி அடித்த மாதிரி. அப்போதுதான் புரிந்தது, என் கை ஆளைப் பார்த்து நிற்கிறது. பிடித்த ஆள் என்றால் நின்றுவிடும். பீரோக்காரரை உனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் உன் வியாதி.

மருந்துக்கடை அம்மாவின் கையைப் போக வைத்தது பீரோக்காரர் மட்டும் இல்லை. வெட்கத்தை விட்டு, கண்ட கண்ட கதவைத் தட்டி, தரையில் விழுந்து, அவரைத் தேடிக் கண்டுபிடித்தவன் நீ. அது வாத்தியார் வேலை இல்லையா? எனக்குத் தெரிந்து நீ செய்த நல்ல வேலையே இதுதான்.

அடுத்த வாரம் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது. ஹால்காரருக்கு நான் வரும்வரை எதுவும் சொல்லாதே. வந்து உன் எதிரில் நிற்கிறேன். தடுக்க மாட்டேன், பின்வாங்கவும் மாட்டேன். என்னை நீ ஒன்று போட்டே ஆக வேண்டும். உனக்கு என் மேல் கோபத்துக்கா பஞ்சம்?

அக்கா

ஜூன் 3

தம்பி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்காலுக்கு அந்த மருந்துக்கடை அம்மா கொடுத்த களிம்பை மறக்காமல் போட்டுவிடு. பீரோக்காரர் உதைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், அதைச் சரி செய். என் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற வந்தபோது அந்த மனுஷன் பெட்டியோடு சேர்த்து என்னையும் ஏற்றிவிட்டார், சொல்லிவை.

நாம் எதிரெதிரே நின்ற முதல் அரைமணி நேரத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ நிறுத்த, நான் நிறுத்த, மறுபடி நீ நிறுத்த, அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இதுக்கா லீவு போட்டுட்டு வந்தே?" என்று கேட்டாளே! அப்புறம் நீ அடித்தது எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. உன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை அது. நீ என்னைப் பிடித்துக்கொண்டு "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டபோது எனக்குப் பேச மூச்சில்லை, இருந்திருந்தால் திட்டியிருப்பேன். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அம்மா வந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று.

ஹால்காரரிடம் "வேணும்" என்று நீ சொன்ன குரல் எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டரிடம் காட்டினேன். விலா எலும்பு முறியவில்லை, நன்றாகக் கன்றிப்போயிருக்கிறது. இருமினால் பிடிக்கிறது, சிரித்தால் இன்னும் பிடிக்கிறது. லேபில் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். என் தம்பி என்னை அடித்துவிட்டான் என்று ஒவ்வொருத்தரிடமும் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக ஏன் சொல்கிறாள் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

அக்கா